அடுத்தவர் காட்சியை எடுத்தாளும்போது: வீடியோ போடுபவர்களுக்கு ஃபேர் யூஸ் வழிகாட்டி

வீடியோவுக்குக் கீழே "பதிப்புரிமையை மீறும் நோக்கம் இல்லை, ஃபேர் யூஸ் அடிப்படையில் பயன்படுத்தப்பட்டது" என்று ஒரு பத்தி ஒட்டிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஃபேர் யூஸ் என்பது, உரிமையாளரின் அனுமதி இல்லாமலே ஒரு படைப்பின் பகுதியை எடுத்தாளச் சட்டம் தரும் விலக்கு. ஆனால் அந்தப் பத்தியை யூடியூபின் இயந்திரம் படிக்காது. நீதிமன்றமும் அதற்கு மதிப்பெண் போடாது. ஏழு விநாடிக்குள் எடுத்தால் பிரச்சினை இல்லை, முப்பது விநாடி வரை அனுமதி உண்டு என்ற கணக்குகளும் அப்படித்தான். ஃபேர் யூஸ் சட்டத்தில் அப்படி ஒரு எண் கிடையாது. கிரெடிட் கொடுப்பது நல்ல பழக்கம், ஆனால் அது அனுமதி ஆகாது. மானிட்டைஸ் செய்யவில்லை என்பது ஓரளவு உதவும், தனியாக நின்று காப்பாற்றாது. படத்தை இடவலமாகத் திருப்புவது, குரலின் சுருதியை ஏற்றுவது, ஓரத்தில் பார்டர் போடுவது போன்ற வேலைகள் இன்னும் மோசம். இயந்திரத்தை ஏமாற்றப் பார்த்தவர் என்ற பெயர்தான் மிஞ்சும்; பின்னால் வழக்கு என்று வந்தால் தெரிந்தே செய்தார் என்பதற்கு அதுவே சான்றாகிவிடும்.

உண்மையில் கைகொடுப்பது எடிட்டிங் டைம்லைனில் நீங்கள் எடுக்கும் முடிவுகள். எந்தத் துண்டை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள் என்பதற்குப் பதில் வெட்டும்போதே இருக்க வேண்டும். க்ளெய்ம் (இது எங்களுடையது என்ற உரிமைக் கோரிக்கை) வந்த பிறகு காரணம் தேட ஆரம்பித்தால் பெரும்பாலும் கிடைக்காது.

சட்டம் கேட்கும் நான்கு கேள்விகள்

ஃபேர் யூஸ் அமெரிக்கச் சட்டம். 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107ஆம் பிரிவில் இருக்கிறது. நான்கு விஷயங்களைச் சேர்த்து எடைபோடச் சொல்கிறது: எதற்காக, எந்த விதத்தில் எடுத்தாள்கிறீர்கள், எடுத்த படைப்பு எப்படிப்பட்டது, அதில் எவ்வளவு, எந்தப் பகுதியை எடுத்தீர்கள், அசலின் சந்தைக்கு அதனால் என்ன ஆகும். நான்கில் மூன்று தேறினால் பாஸ் என்ற கணக்கு இல்லை. மொத்தமாகப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார்கள்.

இரண்டாவது கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். செய்திப் பதிவு, ஆவணப்படம் போன்ற தகவல் சார்ந்த படைப்பிலிருந்து எடுப்பதற்குச் சற்று இடம் அதிகம். திரைப்படம், பாட்டு, கதை என்றால் குறைவு. இன்னும் வெளியாகாத படைப்பு என்றால் மிகக் குறைவு. கசிந்த காட்சியை "விமர்சிக்கிறேன்" என்று போடுவது ஆபத்தாவது இதனால்தான்.

முதல் கேள்விதான் கனமானது. 1994இல் கேலிப் பாட்டு ஒன்றைப் பற்றிய கேம்பெல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், புதிய படைப்பு அசலை எந்த அளவுக்கு வேறொரு நோக்கத்துக்கு மாற்றியிருக்கிறது என்பதை முன்னிறுத்தியது. காசு வருகிறது என்ற ஒரே காரணத்தால் ஃபேர் யூஸ் இல்லை என்று ஆகிவிடாது என்றும் சொன்னது. அதற்குப் பிறகு "நான் மாற்றிவிட்டேன்" என்பது எல்லோருடைய வாதமாகவும் ஆனது. 2023இல், ஒரு புகைப்படத்தை வைத்துச் செய்த ஓவியம் பற்றிய வார்ஹோல் வழக்கில் அதே நீதிமன்றம் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தது. புதிய தோற்றம், புதிய பாணி என்பது மட்டும் போதாது. அசல் எந்த வேலைக்குப் பயன்படுகிறதோ அதே வேலைக்கு நீங்களும் காசுக்குப் பயன்படுத்தினால், அந்தக் குறிப்பிட்ட படைப்பைத்தான் எடுத்தாக வேண்டும் என்பதற்குத் தனிக் காரணம் காட்ட வேண்டும். வீடியோ போடுபவருக்கு இதன் பொருள் எளிது. நீங்கள் எடுத்த காட்சியைப் பற்றியே பேசினால் உங்கள் கை ஓங்கும். வேறு எதையோ பேசிக்கொண்டு அந்தக் காட்சியைப் பின்னணி அலங்காரமாக ஓடவிட்டால் கை இறங்கும்.

ரியாக்‌ஷன் வீடியோக்காரர்கள் 2017இல் நியூயார்க் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அசல் வீடியோ 5 நிமிடம் 24 விநாடி. அதில் 3 நிமிடம் 15 விநாடியை எடுத்து, கிட்டத்தட்ட 14 நிமிட விமர்சன வீடியோவுக்குள் பிரித்துப் பிரித்து வைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் எடுத்தும் ஃபேர் யூஸ் என்று தீர்ப்பானது. துண்டு ஓடும், நிற்கும், அதை வரிவரியாகக் கிண்டலும் விமர்சனமும் செய்வார்கள், மறுபடி ஓடும். அந்த அமைப்புதான் காப்பாற்றியது. ஆனால் அதே தீர்ப்பில், எல்லா ரியாக்‌ஷன் வீடியோவும் ஃபேர் யூஸ் ஆகிவிடாது என்றும், சில வீடியோக்கள் கருத்தே இல்லாமல் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பது போலத்தான் இருக்கின்றன என்றும் நீதிபதி எச்சரித்திருக்கிறார். இந்தப் பாதியை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு.

மூன்றாவது கேள்வியில் நீளத்தைவிட இடம் முக்கியம். 1985இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், முன்னாள் அதிபர் ஒருவரின் வெளிவராத நினைவுக் குறிப்பிலிருந்து ஒரு பத்திரிகை சொல்லுக்குச் சொல் எடுத்தது சுமார் 300 சொற்கள்தான். கையெழுத்துப் பிரதியோ 2,00,000 சொற்கள் கொண்டது. இருந்தும் ஃபேர் யூஸ் இல்லை என்றார்கள். எடுத்தது நூலின் உயிர்நாடி என்பதால். வீடியோவிலும் இதே கதைதான். இரண்டு மணி நேரப் படத்தில் க்ளைமாக்ஸ் திருப்பத்தின் 20 விநாடி, நடுவில் வரும் சாதாரணக் காட்சியின் ஒரு நிமிடத்தைவிட அதிகச் சிக்கலைக் கொண்டுவரும்.

நான்காவது கேள்வி, உங்கள் வீடியோவைப் பார்த்தவர் அசலைப் பார்க்கத் தேவையில்லை என்று ஆகிறதா என்பது. படத்தின் கதையை ஆரம்பம் முதல் முடிவு வரை காட்சிகளோடு சொல்லிமுடிக்கும் வீடியோக்கள் இங்கேதான் சறுக்குகின்றன. குரல் உங்களுடையதாக இருக்கலாம், சொல்வது அசலின் கதையைத்தானே? விளையாட்டுப் போட்டியின் ஹைலைட்ஸ், "சிறந்த பத்து காட்சிகள்" தொகுப்பு, பாட்டுக்கு வரிகள் மட்டும் ஓடவிட்ட வீடியோ எல்லாம் இதே வகை. கடுமையான விமர்சனத்தால் படத்துக்கு வசூல் குறைந்தால் அது இந்தக் கணக்கில் வராது. திட்டுவதால் வரும் நஷ்டத்தைச் சட்டம் பார்ப்பதில்லை, இடத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் நஷ்டத்தைத்தான் பார்க்கிறது.

நீங்கள் எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தாலும் யூடியூபின் டிஸ்ப்யூட் பக்கத்தில் (க்ளெய்மை மறுக்கும் பக்கம்) ஃபேர் யூஸ் என்ற தேர்வு வரும். ஆனால் உங்கள் நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் உங்கள் நாட்டுச் சட்டம்தான் பேசும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம், 52ஆம் பிரிவில் நோக்கங்களைப் பட்டியலிட்டுத்தான் விலக்கு தருகிறது: சொந்தப் பயன்பாடும் ஆராய்ச்சியும், விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டம், 11ஆம் பிரிவில் அமெரிக்கா போலவே நான்கு அம்சங்களை வைத்திருக்கிறது. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த வழியில்தான் போகிறது. ஒவ்வொரு கிளிப்பையும் "இது விமர்சனம்" அல்லது "இது செய்தி" என்று தெளிவாகச் சொல்லும்படி வைத்துக்கொண்டால் இரண்டு வகைச் சட்டத்திலும் நிற்க ஓர் இடம் கிடைக்கும்.

வெட்டுவதற்கு முன் கிளிப் பட்டியல்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, எடிட் தொடங்கும் முன்பே ஒவ்வொரு அந்நியத் துண்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். மூலம் எது, மூலத்தில் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, உங்கள் வீடியோவில் எங்கே வருகிறது, எத்தனை விநாடி, ஏன் தேவை, ஒலி என்ன ஆனது. ஒரு வரி இப்படி இருக்கும்:

கிளிப் 4. திரைப்படம், காசு கொடுத்து வாங்கிய பிரதி. மூலத்தில் 00:41:12 முதல் 00:41:23 வரை. என் வீடியோவில் 06:30 முதல் 06:41 வரை. 11 விநாடி. சண்டையின் நடுவில் கேமரா 180 டிகிரி கோட்டைத் தாண்டுவதால் யார் யாரைத் துரத்துகிறார் என்பது குழம்புகிறது; வாயால் சொன்னால் புரியாது, காட்டினால்தான் புரியும். அசல் வசனம், இசை நீக்கம். என் குரல் மட்டும்.

"ஏன் தேவை" என்ற கட்டத்தை நிரப்ப முடியாமல் பேனா நின்றால், அந்தத் துண்டு வீடியோவில் இருக்கத் தேவையில்லை என்று அர்த்தம். "நல்லா இருக்கும்", "மூடு செட் ஆகும்" என்பவை காரணமாகாது.

வெட்டி முடித்ததும் இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில் கிளிப்பை எடுத்துவிட்டு உங்கள் பேச்சை மட்டும் கேளுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் கிளிப் வெறும் அலங்காரம். அடுத்து உங்கள் பேச்சை மியூட் செய்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஒருவர் ரசித்துப் பார்க்கும்படி காட்சி தொடர்ச்சியாக ஓடுகிறது என்றால் நீங்கள் எடுத்தது அதிகம்.

நடைமுறையில் பெரும்பாலான கிளிப்புகளின் வால்தான் நீளமாக இருக்கும். சுட்டிக்காட்ட வேண்டியது ஐந்தாவது விநாடியில் முடிந்துவிட்டிருக்கும். வசனம் முழுசாக முடியட்டுமே என்று இன்னும் எட்டு விநாடி விட்டிருப்பார்கள். புள்ளி தெரிந்த இடத்தில் வெட்டுங்கள். அசைவு முக்கியமில்லை, சட்டக அமைப்பைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள் என்றால் ஒரு ஃப்ரேமை நிறுத்திவைத்துப் பேசினாலே போதும். ஒரே துண்டு 40 விநாடி ஓடுவதைவிட, பத்துப் பத்து விநாடியாகப் பிரித்து இடையில் பேசுவது நல்லது. இடையில் பேச உண்மையிலேயே விஷயம் இருந்தால்தான். விஷயம் இல்லாமல் "பாருங்க, பாருங்க" என்று இடையில் நுழைவது யாரையும் ஏமாற்றாது.

அசலின் ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தின் காட்சியை விமர்சிக்கும்போது அதன் பின்னணி இசையையும் சேர்த்து ஓடவிடுகிறோம். க்ளெய்ம் வருவது காட்சிக்காக அல்ல, அந்த இசைக்காக, அதுவும் வேறொரு நிறுவனத்திடமிருந்து. ஒலியைப் பற்றிப் பேசாத இடத்தில் ஒலியை எடுத்துவிடுங்கள்.

தம்ப்நெயிலையும் பட்டியலில் சேருங்கள். உள்ளே அழகாக வாதத்தோடு எடுத்தாண்டுவிட்டு, வெளியே வேறொரு புகைப்படக்காரரின் படத்தை முழுசாகத் தூக்கி வைப்பவர்கள் ஏராளம். அந்தப் படத்தைப் பற்றி வீடியோவில் எதுவும் சொல்லவில்லை என்றால் அதற்கு வாதமே கிடையாது. நீங்களே எடுத்த படம், அல்லது உள்ளே விவாதிக்கும் ஃப்ரேம், இரண்டில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காட்சியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதும் கேள்விக்கு வரும். டிஸ்க்கிலோ ஸ்ட்ரீமிங் தளத்திலோ உள்ள பூட்டை உடைப்பது அமெரிக்கச் சட்டத்தின் 1201ஆம் பிரிவில் தனிக் குற்றச்சாட்டு. எடுத்தாண்டது ஃபேர் யூஸாகவே இருந்தாலும் இது தனியாக நிற்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அறிவிக்கப்படும் விலக்குகளில், விமர்சனத்துக்காகச் சிறு துண்டுகள் எடுக்கும் லாபநோக்கற்ற வீடியோக்களுக்கும் இடம் தரப்பட்டிருக்கிறது. விளம்பர வருமானம் வாங்குபவர்கள் அதை நம்பி இறங்க வேண்டாம். தயாரிப்பாளரே வெளியிட்ட ட்ரெய்லரில் உங்களுக்கு வேண்டிய காட்சி இருந்தால் அங்கிருந்து எடுப்பது சிக்கல் குறைவு.

இசை: மன்னிப்பு மிகக் குறைந்த இடம்

ஒரு பாட்டில் குறைந்தது இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. பெரும்பாலும் இரண்டும் வெவ்வேறு கைகளில் இருக்கும். நீங்களே பாடி, நீங்களே வாசித்துப் போட்ட கவர் பாட்டுக்கும் க்ளெய்ம் வருவது முதல் உரிமைக்காக. பாட்டைப் படத்தோடு இணைப்பதற்கு சிங்க் உரிமம் என்று தனியாக ஒன்று உண்டு. யூடியூபில் பல கவர் பாட்டுகள் நிற்பதற்குக் காரணம், இசை வெளியீட்டாளர்கள் வருமானத்தை எடுத்துக்கொண்டு விட்டுவைத்திருப்பதுதான். அந்தப் பெருந்தன்மை நாளைக்கும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

பின்னணிக்கு மனநிலை கொடுக்க ஒரு பாட்டை ஓட்டுவதற்கு ஃபேர் யூஸ் வாதம் அநேகமாகக் கிடையாது; அசல் பாட்டு என்ன வேலைக்கு விற்கப்படுகிறதோ அதே வேலைக்குத்தான் நீங்களும் பயன்படுத்துகிறீர்கள். பாட்டின் ராகத்தை, தாளத்தை, பதிவு செய்த விதத்தை அலசும் வீடியோ வேறு. அங்கே எந்த நான்கு ஆவர்த்தனங்களைப் பற்றிப் பேசுகிறீர்களோ அந்த நான்கை மட்டும் ஒலிக்கவிட்டு நிறுத்துங்கள்.

வெளியில் படம்பிடிக்கும்போது கடையிலோ காரிலோ ஓடும் பாட்டு தற்செயலாகப் பதிவாவது இன்னொரு வகை. 2007இல் ஒரு தாய் தன் குழந்தை ஆடுவதைப் பிடித்த 29 விநாடி வீடியோவில் பின்னால் ஒரு பாட்டு மங்கலாகக் கேட்டது. இசை நிறுவனம் அகற்றச் சொன்னது. அந்தத் தாய் வழக்குப் போட்டார். லென்ஸ் வழக்கு என்று பெயர் பெற்ற அதில், அகற்றச் சொல்லும் முன் அது ஃபேர் யூஸா என்று உரிமையாளர் யோசித்தே ஆக வேண்டும் என 2015இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பயனுள்ள தீர்ப்பு. ஆனால் வழக்குக்கு ஆண்டுக்கணக்கில் ஆனது என்பதையும் பாருங்கள். படம்பிடிக்கும் இடத்தில் பாட்டை நிறுத்தச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். நிறுத்த முடியாத இடத்தில் பேசுபவரின் சட்டையில் மைக் மாட்டுங்கள். பின்னணி எவ்வளவோ தணிந்துவிடும்.

லைவில் இன்னும் கவனம் வேண்டும். நேரலை ஓடும்போதே இயந்திரம் கேட்கிறது. அந்நிய உள்ளடக்கம் தென்பட்டால் உங்கள் நேரலையை மறைத்து ஒரு நிலைப்படத்தைப் போட்டுவிடலாம், நேரலையே நின்றும் போகலாம். இடைவேளையில் பாட்டுப் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

செயலிக்குள் இருக்கும் இசை நூலகங்கள் அந்தச் செயலிக்கு மட்டும். ஒரு செயலியில் பாட்டோடு செய்த சிறு வீடியோவை இறக்கி இன்னொரு தளத்தில் ஏற்றினால் உரிமம் கூடவே வராது. வணிகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அதே செயலியிலேயே பாட்டுப் பட்டியல் சுருங்கும். பாட்டு இல்லாத மூலக் கோப்பை எப்போதும் தனியாக வைத்திருந்து, ஒவ்வொரு தளத்துக்கும் அங்குள்ள இசையை அங்கேயே சேர்ப்பதுதான் வழி.

அனுமதியோடு வரும் பொருளில் உள்ள குழிகள்

யூடியூபின் ஆடியோ லைப்ரரி நம்பகமானது; சில பாடல்களுக்கு விளக்கப் பெட்டியில் பெயர் போட வேண்டும், அதை மறக்காதீர்கள். படைத்தவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில்தான் அவசரப்படுபவர்கள் விழுகிறார்கள். பெயர் போட்டால் போதும் என்பது சிசி பிஒய். அதோடு என்சி சேர்ந்தால் வணிகப் பயன்பாட்டுக்கு ஆகாது. விளம்பரம் ஓடும் வீடியோவில் வைக்காதீர்கள். எஸ்ஏ சேர்ந்தால் அதை வைத்துச் செய்த உங்கள் வீடியோவையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டிவரும். என்டி என்றால் மாற்றம் செய்து வெளியிடக் கூடாது. இசையைப் படத்தோடு நேரம் பொருத்தி இணைப்பதே மாற்றம் என்று 4.0 உரிமத்தின் வரையறை சொல்கிறது. ஆகவே என்டி இசையை ஒரு நொடி வெட்டாமல் முழுதாக வைத்தாலும் வீடியோவில் சேர்க்க முடியாது. பலருக்கும் தெரியாத இடம் இது.

பெயர் போடும்போது நான்கும் வேண்டும்: படைப்பின் பெயர், படைத்தவர், எடுத்த இடத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயரும் இணைப்பும். எடுத்த அன்றைக்கே அந்தப் பக்கத்தைத் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ப்ராஜெக்ட் கோப்புறையில் போட்டுவையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கமே இல்லாமல் போகலாம். காசு கொடுத்து வாங்கிய இசைக்கும் உரிமச் சான்றிதழை அப்படியே வைத்திருங்கள். ஒரே லூப்பை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத்துண்டை) இரண்டு பேர் வாங்கி, ஒருவர் அதில் பாட்டுச் செய்து, யூடியூபின் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் இயந்திரமான கன்டென்ட் ஐடியில் பதிவு செய்துவிட்டால், மற்றவருக்கு க்ளெய்ம் பாயும். சான்றிதழ் இருந்தால் டிஸ்ப்யூட் ஒரு வரியில் முடியும்.

பழைய படைப்பு என்றால் ஆண்டைப் பாருங்கள். அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு முடிந்தவை ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் பொதுவுடைமைக்கு வருகின்றன. ஒலிப்பதிவுகளுக்குக் கணக்கு வேறு. இரு நூற்றாண்டுக்கு முந்தைய மெட்டு யாருடையதும் அல்ல, ஆனால் சென்ற ஆண்டு ஓர் இசைக்குழு அதை வாசித்த பதிவு அந்தக் குழுவுடையது. நீங்களே வாசித்ததற்குக்கூட, வேறொரு குழுவின் பதிவோடு ஒத்திருக்கிறது என்று இயந்திரம் க்ளெய்ம் போடும். அது டிஸ்ப்யூட் செய்தால் விலகக்கூடிய க்ளெய்ம். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஊழியர்கள் பணியின் பகுதியாக எடுத்த படங்களுக்கு 105ஆம் பிரிவின்படி அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. நாசாவின் விண்வெளிக் காட்சிகள் இவ்வளவு வீடியோக்களில் ஓடுவதற்குக் காரணம் அதுதான். அங்கும் வெளியார் எடுத்துக் கொடுத்த படங்கள் கலந்திருக்கும். படத்தின் கீழ் உள்ள பெயரைப் படித்துவிட்டு எடுங்கள்.

ஏற்றும்போதும், க்ளெய்ம் வரும்போதும்

நேராகப் பப்ளிக்காகப் போடாதீர்கள். பிரைவேட்டில் ஏற்றி, "சரிபார்ப்பு" படி முடியும் வரை காத்திருங்கள். கன்டென்ட் ஐடி ஒத்துப்போகும் பகுதியை நேரக் குறியோடு காட்டும். அதே இடத்தில் அந்தப் பகுதியை வெட்டலாம், பாட்டை மட்டும் மியூட் செய்யலாம், நூலகப் பாட்டால் மாற்றலாம். உங்கள் பட்டியலில் அந்தத் துண்டுக்கு வலுவான காரணம் இல்லை என்றால் வெட்டிவிடுங்கள். வாதாடத் தகுதியான துண்டுக்காகச் சக்தியைச் சேமியுங்கள்.

க்ளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. க்ளெய்ம் என்பது பெரும்பாலும் இயந்திரம் போட்டது. வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், சில நாடுகளில் வீடியோ தடுக்கப்படலாம், சேனலுக்கு ஆபத்தில்லை. ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் சட்டப்படி அகற்றச் சொன்னதன் விளைவு. இந்த வேறுபாடு புரியாமல் க்ளெய்மைப் பார்த்ததும் வீடியோவை அழித்துவிடுபவர்களும் உண்டு, ஸ்ட்ரைக்கைக் க்ளெய்ம் என்று நினைத்து அலட்சியம் செய்பவர்களும் உண்டு.

டிஸ்ப்யூட் செய்தால் உரிமையாளருக்கு 30 நாள் அவகாசம். பதில் சொல்லாவிட்டால் க்ளெய்ம் காலாவதியாகும். மறுத்தால் நீங்கள் அப்பீல் செய்யலாம். அதற்கு அவருக்கு 7 நாள். வீடியோவே தடுக்கப்பட்டிருந்தால் முதல் படியைத் தாண்டி நேராக அப்பீலுக்குப் போகவும் வழி இருக்கிறது. அப்பீலையும் ஏற்காதவர் செய்யக்கூடியது, சட்டப்படி அகற்றக் கோருவது, அதாவது ஸ்ட்ரைக். படி ஏற ஏறப் பந்தயம் கூடுகிறது. சும்மா அழுத்திப் பார்க்கலாமே என்று அப்பீல் போடாதீர்கள். பணம் சம்பந்தப்பட்ட க்ளெய்ம் என்றால் 5 நாளுக்குள் டிஸ்ப்யூட் செய்யுங்கள். அப்போதுதான் முதல் நாளிலிருந்து வருமானம் தனியாக நிறுத்திவைக்கப்பட்டு, முடிவில் வென்றவருக்குப் போகும். ஐந்து நாள் தாண்டினால் டிஸ்ப்யூட் செய்த நாளிலிருந்து மட்டுமே நிறுத்திவைப்பார்கள்.

காரணம் எழுதும் கட்டத்தில் "இது ஃபேர் யூஸ்" என்று மட்டும் எழுதினால் மறுப்பு வருவது உறுதி. கிளிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். உரிமையாளர் வெளிநாட்டு நிறுவனம் என்றால் ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. சாரம் இப்படி இருக்கட்டும்:

"என் வீடியோ 18 நிமிடம் 20 விநாடி, சண்டைக் காட்சிகளின் படத்தொகுப்பைப் பற்றிய விமர்சனம். உங்கள் படத்திலிருந்து 5 துண்டுகள், மொத்தம் 52 விநாடி பயன்படுத்தியிருக்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட 06:30 முதல் 06:41 வரையிலான பகுதியில், கேமரா கோட்டைத் தாண்டும் இடத்தை மட்டும் காட்டி அதன் மீதே என் விளக்கம் ஓடுகிறது. அசல் வசனமும் இசையும் நீக்கப்பட்டுள்ளன. இந்தத் துண்டுகளைப் பார்த்தவருக்குப் படத்தைப் பார்த்ததற்கு ஈடாகாது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் 107ஆம் பிரிவின்படி இது விமர்சனத்துக்கான நியாயமான எடுத்தாளல்."

கோபம், கெஞ்சல், "மற்றவர்களும் போடுகிறார்களே" எதுவும் வேண்டாம். இதை ஒரு மனிதர் படிப்பார். அவருக்குத் தேவை, தன் மேலாளரிடம் காட்டி க்ளெய்மை விலக்கச் சொல்லும் அளவுக்கு ஒரு காரணம்.

ஸ்ட்ரைக் விழுந்த பிறகு

வீடியோவை அழித்தால் ஸ்ட்ரைக் போகாது. யூடியூபின் பதிப்புரிமைப் பாடமான காப்பிரைட் ஸ்கூலை முடித்தால் 90 நாளில் காலாவதியாகும். அந்தக் காலத்துக்குள் மூன்று விழுந்தால் சேனல் மூடப்படலாம், அதோடு இணைந்த சேனல்களும் சேர்ந்தே. பார்ட்னர் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மூடுவதற்கு முன் 7 நாள் அவகாசம் தரப்படும். உரிமையாளரிடம் பேசி அவரே கோரிக்கையைத் திரும்பப் பெறச் செய்வது எளிய வழி. அகற்றல் அறிவிப்பில் உள்ள மின்னஞ்சலுக்கு, மேலே உள்ளது போன்ற நான்கைந்து வரியை மரியாதையாக அனுப்பிப் பாருங்கள். தவறுதலாக விழுந்தவை இதிலேயே சரியாகிவிடும்.

அதுவும் பலிக்காமல், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் கவுண்ட்டர் நோட்டிபிகேஷன், அதாவது எதிர் அறிவிப்பு. இது யூடியூபுக்கு எழுதும் புகார்க் கடிதம் அல்ல, 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் 512ஆம் பிரிவின் கீழ் வரும் சட்ட ஆவணம். உங்கள் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண், அகற்றப்பட்ட வீடியோவின் இணைப்பு, தவறுதலாகவோ அடையாளம் மாறியோ அகற்றப்பட்டது என்று நல்லெண்ணத்தோடு நம்புவதாகப் பொய்ச்சத்தியத் தண்டனைக்கு உட்பட்ட உறுதிமொழி, கையொப்பம் எல்லாம் வேண்டும். அமெரிக்க நீதிமன்ற அதிகார வரம்பை ஏற்கிறேன் என்ற வாசகமும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர், தளம் இருக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்தை ஏற்க வேண்டும். இந்த விவரங்கள் எதிர்த்தரப்புக்குப் போகும். முகமும் பெயரும் மறைத்து சேனல் நடத்துபவர்கள் இந்த இடத்தில் நன்றாக யோசிக்க வேண்டும். வழக்கறிஞர் மூலம் அனுப்பினால் அவருடைய முகவரியைக் கொடுக்கலாம்.

எதிர்த்தரப்பு வழக்குப் போட்டால், அமெரிக்கச் சட்டத்தின்படி ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரையும், வேண்டுமென்றே செய்தது என்று நிரூபணமானால் 1,50,000 டாலர் வரையும் நீதிமன்றம் இழப்பீடு விதிக்க முடியும். மறுபக்கம், மீறல் இல்லை என்று தெரிந்தே பொய்யாக அகற்றச் சொன்னவர் 512ஆம் பிரிவின் எஃப் உட்பிரிவின்படி உங்களுக்கு நஷ்டஈடு தர வேண்டியிருக்கும். நிரூபிப்பது கடினம், ஆனாலும் அந்தப் பிரிவைக் குறிப்பிட்ட ஒரு கடிதம் சில நேரம் வேலை செய்யும். தளத்துக்கு வெளியே, ஒரு சட்ட நிறுவனத்திடமிருந்து நேராகக் கடிதம் வந்துவிட்டால் நீங்களே பதில் எழுதாதீர்கள். கிளிப் பட்டியலோடு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கவுண்ட்டர் நோட்டிபிகேஷன் ஏற்கப்பட்டதும் யூடியூப் அதை உரிமையாளருக்கு அனுப்பும். அவர் வழக்குத் தொடுத்ததற்கான சான்றைக் காட்ட 10 அமெரிக்க வேலைநாள். சனி, ஞாயிறு, அந்நாட்டு விடுமுறைகள் கணக்கில் வராது என்பதால் இரண்டு வாரத்துக்கு மேலாகவே ஆகும். சான்று வராவிட்டால் வீடியோ திரும்ப வரும், ஸ்ட்ரைக் நீங்கும். அந்த மின்னஞ்சலையும், அனுப்பிய ஆவணத்தின் நகலையும் கிளிப் பட்டியல் இருக்கும் கோப்புறையிலேயே போட்டுவையுங்கள். அதே வீடியோவுக்கு வேறொருவர் க்ளெய்ம் போடும்போது மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருக்காது.